கல்யாண வீட்டு ரேடியோ செட்டு

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கல்யாணம் என்பதைப் பத்திரிகை சொல்லாது, குழாய்தான் சொல்லும். முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சைக்கிள் வரும். கேரியரில் மரப்பெட்டி, ஹேண்டில்பாரின் இரு பக்கமும் இரண்டு அலுமினியக் குழாய்கள், தோளில் வளையமாகச் சுற்றிய வயர். வந்தவர் வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்ப்பார். எந்த மரம் உயரம், எந்தக் கிளை தாங்கும், ஊர் எந்தப் பக்கம் பரந்து கிடக்கிறது என்று ஒரு கணக்கு. வேப்பமரத்துக் கவட்டையில் ஒரு குழாயைக் கிழக்கே பார்க்கவும் இன்னொன்றை மேற்கே பார்க்கவும் வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிவிட்டு அவர் இறங்கும்போது மரத்தடியில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்போம்.

உள்ளே மாவு இடித்துக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தி தலையை நீட்டிக் கேட்பாள்: "ரேடியோ செட்டு வந்தாச்சா?"

அந்தச் செட்டில் ரேடியோ இருந்து நான் பார்த்ததில்லை. ஓர் ஆம்பிளிஃபையர், ரெக்கார்டு சுழலும் தட்டு, இசைத்தட்டுகள் அடுக்கிய தகரப்பெட்டி, இரண்டு குழாய், ஒரு மைக், நாலு டியூப் லைட், பந்தல் வாசலுக்குச் சீரியல் பல்பு. இவ்வளவும் சேர்ந்தது ரேடியோ செட்டு. பத்து மைல் தள்ளிப் போனால் இதே சரக்குக்கு மைக் செட்டு என்று பெயர். அதுவும் பொருந்தாத பெயர்தான். மறுநாள் மொய் வாசிக்கும் நேரம்வரை மைக் துணி சுற்றிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆக, ஒரு பெயரில் இல்லாத பொருள், இன்னொரு பெயரில் வேலைக்கு வராத பொருள். இரண்டு பெயரிலும் மாறாமல் நிற்பது 'செட்டு' என்கிற அந்த வால் மட்டும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போனால் சங்கதி எங்கெங்கோ போகிறது.

முதலில் ரேடியோவை முடித்துவிடலாம். மதராஸில் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று தொடங்கிய ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பு நடத்தியது. மூன்று வருஷத்தில் பணமில்லாமல் அது படுத்துவிட, கருவிகளை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930-இல் தானே நிலையம் நடத்தத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வாங்கி வைக்க வசதியுள்ளவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே மெரினாக் கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்துச் சனங்களைக் கேட்க வைத்தார்கள். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் அடுத்த வருஷம் திருச்சி நிலையமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. ஒரு சின்ன அறை, அதற்குள் பூட்டி வைத்த பெட்டி, கூரைமேல் ஒரு குழாய். சாயங்காலம் செய்தியும் பாட்டும் அந்தக் குழாய் வழியே தெருவுக்கு வரும். மரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

பெயர் இப்படித்தான் தாவியிருக்க வேண்டும். குழாயிலிருந்து வந்த முதல் ஓசை ரேடியோ என்பதால் குழாயிலிருந்து வந்த ஓசையெல்லாம் ரேடியோ ஆனது. கல்யாண வீட்டில் சுழல்வது ரெக்கார்டு என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ரேடியோ என்றார்கள். தமிழனுக்கு ரேடியோ அறிமுகமானது வீட்டு அலமாரியில் அல்ல, நாலு பேர் கூடும் இடத்தில். வீட்டு விசேஷத்துக்கு அதே குழாயை வாடகைக்கு எடுத்தபோது, கூடவே அந்தத் தெருவையும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டான்.

இனி செட்டு.

தமிழில் செட்டு என்று ஒரு பழைய சொல் உண்டு. வாணிகம் என்பது அதன் பொருள், அதிலிருந்து சிக்கனம் என்பது கிளைப்பொருள். 'செட்டாகக் குடித்தனம் பண்ணு' என்று பாட்டிமார் சொல்வார்கள், 'செட்டும் கட்டுமாக' என்ற தொடரும் உண்டு. கடன் வாங்கிக் குழாய் கட்டுகிற ரேடியோ செட்டுக்கும் இந்தச் செட்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நம்முடைய செட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. 'வயர்லெஸ் செட்', 'ரேடியோ செட்' என்று உறுப்புகள் பல சேர்ந்த ஒரு கருவியை அவர்கள் சொன்னதை நாம் வாங்கிக்கொண்டோம். வாங்கிய கையோடு கடைசியில் ஓர் உகரம் போட்டு நம் வீட்டுப் பிள்ளையாக்கினோம். செட்டு தோசை, செட்டு சேராது, அவன் செட்டு வேற, என் செட்டுப் பையன் என்று அது இன்று போகாத இடமில்லை.

ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லின் பூர்வீகம் கருவி அல்ல. கூட்டம் என்ற பொருளில் வழங்கும் 'செட்', பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. ஒருவர் பின்னால் போகிற ஆட்கள், பரிவாரம், ஒரே நெறியைப் பற்றியவர்கள் என்பது அதன் பொருள். முதலில் ஆட்கள், பிறகுதான் பண்டங்கள். தமிழன் இந்தச் சரித்திரத்தைப் படித்தவன் அல்ல. ஆனால் சொல்லை வாங்கியதும் அதை மறுபடி ஆட்களிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். நாதஸ்வர செட்டு, பேண்டு செட்டு, கரகாட்ட செட்டு, வில்லுப்பாட்டு செட்டு. 'கொடைக்கு எந்த ஊர் செட்டு?' என்று தென்மாவட்டங்களில் கேட்டால், ஆடுகிற பாடுகிற அடிக்கிற ஆட்களைக் கேட்கிறார்கள் என்று பொருள்.

இதைக் கவனித்த பிறகுதான் எனக்கு மேளம் என்ற சொல்லின்மேல் சந்தேகம் வந்தது. மேளம் என்றால் என்ன என்று கேட்டால் தவிலைக் காட்டுவோம். ஆனால் நாகஸ்வரம் ஊதுகிறவருக்கும் மேளக்காரர் என்றுதானே பெயர்? அவர் ஆயுளில் ஒரு தடவைகூடக் குச்சியைத் தொட்டிருக்க மாட்டார். தஞ்சைப் பக்கத்தில் பெரிய மேளம், சின்ன மேளம் என்று இரண்டு வழக்கு இருந்தது. நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் சேர்ந்தது பெரிய மேளம். சதிராட்டமும் அதற்குப் பாடுகிற, நட்டுவாங்கம் பிடிக்கிற, மத்தளம் வாசிக்கிற ஆட்களும் சேர்ந்தது சின்ன மேளம். சின்ன மேளத்தில் நடுநாயகம் ஆடுகிற பெண். அவள் எப்படி மேளம் ஆனாள்? வடமொழியில் 'மேல', 'மேலனம்' என்றால் சேர்க்கை, கூடுகை. மேளா என்று வடக்கே திருவிழாவைச் சொல்வதும் அதுதான். எழுபத்திரண்டு மேளகர்த்தா என்று சங்கீதக்காரர்கள் சொல்லும் மேளத்திலும் கொட்டுகிற கருவி எதுவும் இல்லை. ஸ்வரங்களின் கூட்டு இருக்கிறது. கூட்டத்துக்கு வைத்த பெயர், கூட்டத்தில் யார் சத்தம் அதிகமோ அவர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. தவில் மேளமானது அப்படித்தான் என்று தோன்றுகிறது.

ஒரு சொல் இப்படி இருந்தால் தற்செயல். தேடினால் வரிசையாக நிற்கின்றன. தெருக்கூத்துக்காரர்கள் தங்கள் குழுவை ஜமா என்பார்கள். அரபியில் 'ஜம்' என்றால் கூட்டுதல், திரட்டுதல். ஜமாத்தும் அதே வேர், வருவாய் அதிகாரி வந்து கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியும் அதே வேர். பஜனை கோஷ்டி என்கிறோம். கோஷ்டி, வடமொழியில் மாட்டுத்தொழுவத்தைக் குறித்த 'கோஷ்டம்' என்பதிலிருந்து கிளைத்தது. மாடு கூடும் இடம், பிறகு ஆள் கூடும் இடம், பிறகு கூடியவர்கள். (இன்று கட்சிக்குள் கோஷ்டிப் பூசல் நடக்கும்போது சொல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.) பேண்டு என்பதும் ஒரு கட்டாகச் சேர்ந்த ஆட்கள்.

எல்லாவற்றிலும் அழகானது கச்சேரி. உருதுவில் 'கச்சஹ்ரி' என்றால் அலுவலகம், நீதிமன்றம். கம்பெனிக் காலத்துத் தமிழில் தாலுக்கா கச்சேரி, போலீஸ் கச்சேரி என்றுதான் அது புழங்கியது. மனுக் கொடுக்கவும் வரி கட்டவும் சனங்கள் கூடிய இடம். கூடிய இடத்தின் பெயர் கூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கும் ஆகி, அலுவலகம் என்ற பொருள் பேச்சிலிருந்து கழன்று, பாட்டு மட்டும் மிஞ்சியது. மயிலாப்பூர்க் கச்சேரி சாலையைப் பார்த்துவிட்டு, மார்கழி சங்கீதத்துக்குப் பெயர்போன பேட்டை அல்லவா, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மெச்சியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கச்சேரியில் பாட்டில்லை, வழக்குத்தான்.

மேளம், ஜமா, கோஷ்டி, பேண்டு, கச்சேரி, செட்டு. வடமொழி, அரபி, உருது, ஆங்கிலம். வந்த வழி வெவ்வேறு. ஆனால் ஒவ்வொன்றும் கூட்டத்தைக் குறித்த சொல், தமிழனிடம் வந்து ஓசைக்குப் பெயரானது அல்லது ஓசை எழுப்புகிறவர்களுக்குப் பெயரானது. சங்கீதத்துக்கு இங்கே சொல் இல்லாமலா? பண், பாணி, இசை என்று கொட்டிக் கிடக்கிறது. அவற்றை வித்துவான்கள் வைத்துக்கொண்டார்கள். விசேஷ வீட்டுக்காரன் தேடியது வேறு சொல். அவனுக்கு வேண்டியது நாலு பேர் வந்தார்கள் என்பது.

நம்முடைய சொந்தச் சொற்கள் மட்டும் வேறு வழியில் போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டு, கொட்டுவதால். முழவு, முழங்குவதால். இவை கருவி செய்கிற காரியத்திலிருந்து வந்தவை. பறை இன்னும் ஒரு படி மேலே: பறைதல் என்றால் சொல்லுதல். குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் இன்றும் பறைகிறார்கள். சொல்கிற கருவி பறை. 'லவுட் ஸ்பீக்கர்' என்பதை அப்படியே தமிழாக்கினால் உரக்கச் சொல்வது. இதைவிடப் பொருத்தமாக ஒரு தமிழ்ப் பெயர் கிடைக்காது. ஆனால் கலைச்சொல் ஆக்கியவர்கள் யாருக்கும் அந்தப் பெயர் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்குச் சொல்லாராய்ச்சி தேவையில்லை. 'ஒலிபெருக்கி' என்று வைத்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் ஒலிபெருக்கி என்பது பெட்டிக்குள் இருக்கும் ஆம்பிளிஃபையருக்கு உரிய பெயர். மரத்தின்மேல் இருப்பது பெருக்கியதை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். இலங்கைத் தமிழர்கள் மைக்குக்கு 'ஒலிவாங்கி' என்ற நல்ல சொல்லை வைத்து அன்றாடம் புழங்குகிறார்கள். அந்தப் பக்கம் வாங்கி இருக்கும்போது இந்தப் பக்கம் 'விடுவி' என்றாவது ஏதாவது ஒன்று வந்திருக்கலாம்.

கல்யாண வீட்டுச் சனங்கள் இந்தத் தகராறுக்கெல்லாம் போகவில்லை. பார்த்தார்கள், குழாய் என்றார்கள்.

குழல், குழாய், குழை, குழி எல்லாம் உள்ளே வெற்றிடம் உள்ளவை. அந்த வெற்றிடத்தில்தான் வித்தை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டால் அடுத்த வயல்வரை கேட்கிறதே, அதுவேதான் இது. குறுகிய தொண்டையில் பிறக்கிற அழுத்தமான அதிர்வை, மெல்ல மெல்ல விரிகிற வாய் வழியாகப் பரந்த காற்றிடம் ஒப்படைப்பது. சாதாரண ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் ஓசையாக்கும், மிச்சமெல்லாம் சூடு. குழாய் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஆக்கும். கரண்டு வராத ஊரிலும் பேட்டரியை வைத்துக்கொண்டு ஊரை எழுப்ப முடிந்தது அதனால்தான். 1915-இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்ற இரண்டு பேர் இந்தக் கருவியைக் கூட்டத்தின் முன் வைத்துக் காட்டினார்கள். 'மேக்னவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், லத்தீனில் பெருங்குரல் என்று அர்த்தம். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே நம் நாகஸ்வரத்தின் அடியில் அணசு என்று ஒன்று விரிந்து நின்றுகொண்டிருந்தது. நாகஸ்வரம் ஊதுகிறவரின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், ஜென்சனைத் தேடிப் போக வேண்டாம்.

குழாய்க்கு ஒரு குறை உண்டு. கீழ்ச்சுருதி வராது. தவிலின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிட்டாரும் காணாமல் போகும். மனிதக் குரல் ஓடுகிற அகலம் மட்டும் பளிச்சென்று வரும். நம் பாட்டுக்காரர்களுக்கு இதுவே வரமாகிவிட்டது. சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் குழாய்க்கென்றே பிறந்த தொண்டைக்காரர்கள். சீர்காழியின் பிள்ளையார் பாட்டோடு விடிந்தால்தான் எங்கள் ஊரில் அது கல்யாணம். பெண் வீட்டார் வந்து இறங்கும்போது, 'பானை பிடித்தவள் பாக்கியசாலி' என்று 1958-இல் வந்த படத்தில் மருமகளை வரவேற்கும் பாட்டு. அலங்காரம் முடிந்து பெண் மணவறைக்குப் புறப்படும் நேரம் 'பாசமலர்' படத்தில் ஈஸ்வரி பாடிய பாட்டு. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் முறை தப்பாது. களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருக்கும் பெரியவர் காதைச் சாய்த்துவிட்டு, "பொண்ணு மணவறைக்கு வந்துட்டு. நாம கெளம்புவோம்" என்பார். அவருக்குப் பாட்டு பாட்டாகக் கேட்கவில்லை, கடிகாரமாகக் கேட்டது.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஓர் ஊரைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. அவர் உலகத்தின் கொடுமையைச் சொல்ல வந்தவர், அதைச் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தப் பாட்டில் வேறு ஒன்று கேட்கிறது. தெருவில் நின்றுகொண்டே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று காதால் தெரிந்துகொள்ள முடிகிறது. வீட்டு ஓசை வீட்டுக்குள் இருப்பவர்களுக்கானது அல்ல.

தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது குழாயை நிறுத்திவிட்டு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று புரோகிதரோ பெரியப்பாவோ விரலை ஆட்ட, தவில் உச்சத்துக்குப் போகும். தும்மலோ அமங்கலச் சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்பது சொல்லப்படும் காரணம். தமிழில் கெட்டி என்றால் இறுக்கம், உறுதி. தெலுங்கில் 'கட்டிகா' என்றால் உரக்க என்றும் பொருள் உண்டு. கெட்டிமேளத்தில் இருப்பது அந்தக் கெட்டியாக இருக்கலாம் என்பது என் ஊகம். நாயக்கர் காலத்துக்குப் பிறகு நம் கல்யாண வீட்டில் கலந்த தெலுங்கு கொஞ்சநஞ்சமல்ல.

மரப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரக் கிடைத்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். அத்தை மகள் கல்யாணத்தில் ஊசி மாற்றும் வேலை எனக்கு வந்தது. எழுபத்தெட்டுச் சுற்று ரெக்கார்டு ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் ஓடும். பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, தேய்ந்த ஊசியை உதறிவிட்டு, தீப்பெட்டியைவிடச் சின்னதான டப்பாவிலிருந்து புது ஊசி எடுத்துச் செருக வேண்டும். இரும்பு ஊசி, ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பது முறை. செட்டுக்காரர் நாலு பக்கம் ஓட்டுவார். தேய்ந்த ஊசி தட்டின் வரியைக் கிழிக்கும், கிழிந்த வரியில் பாட்டு ஏறி ஏறி விழும். 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று சொன்னதையே சொல்கிறவர்களை இன்றும் சொல்கிறோம், ரெக்கார்டைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் சொல்கிறார்கள். 'ரெக்கார்டு டான்ஸ்' என்ற பெயரும் அப்படி நிற்கிறது. அதில் ரெக்கார்டு ஓடி எத்தனையோ வருஷம். அன்றைக்கு நான் கீறல் விழுந்த தட்டு ஒன்றைப் போட்டு, பெண் அழைப்பு வாசலுக்கு வந்து நிற்கையில் ஒரே சொல் பதினைந்து தடவை ஊருக்கெல்லாம் கேட்டது. செட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கட்டைவிரலால் ஊசிக்கையின் தலையில் பொத்தென்று ஒரு தட்டுத் தட்டினார், பாட்டு அடுத்த வரிக்குத் தாவியது. அத்தைதான் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சொல்லிக் காட்டினாள்.

குழாய் வரும்போது ஒரு சௌகரியமும் கூட வந்தது. மேளத்துக்கு ஆள் வேண்டும், ஆளென்றால் சாதி வரும். யார் திண்ணையில் உட்காரலாம், யார் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், யாருக்கு எந்த இலை என்று வரும். ரெக்கார்டுக்கு அது கிடையாது. அடிக்க வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள், தங்கள் தெருக் கல்யாணத்துக்கு வாடகை கொடுத்துக் குழாய் கட்ட முடிந்தது. ஆனால் குழாய்க்கு முகம் உண்டே. எந்தத் தெருக் குழாய் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்பதில் எத்தனையோ ஊரில் மண்டை உடைந்திருக்கிறது. ஓசை யாரைக் கூப்பிடுகிறது என்பது குழாய் கட்டியவர்களுக்கும் தெரியும், கூப்பிடப்பட்டவர்களுக்கும் தெரியும்.

கூப்பிட்டவர்களை வாசலில் நிறுத்தி, பன்னீர்ச் செம்பால் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டி "வாங்க வாங்க" என்றால் விருந்து தொடங்குகிறது. விருந்து என்பதற்கு முதற்பொருள் சாப்பாடு அல்ல, புதுமை. தொல்காப்பியர் நூலின் எட்டு வனப்புகளில் விருந்து என்று ஒன்றைச் சொல்வது புதிதாகப் புனைந்ததைத்தான். புதிது, பிறகு புதிதாய் வந்தவர், பிறகு அவருக்கு இலையில் வைப்பது. உறவுக்காரருக்குப் பத்திரிகை போதும். புதியவருக்குத்தான் குழாய். வழிப்போக்கன்கூட ஓசை வந்த திசையில் நடந்து வந்து பந்தியில் உட்கார்ந்து எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன், யார் என்று யாரும் கேட்டதில்லை.

சாப்பிட்டு எழுந்தால் மொய். பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்த மைக் இப்போதுதான் வெளியே வரும். இன்ன ஊர் இன்னார் ஐந்து ரூபாய், தாய்மாமன் சீர் இன்னது என்று குழாய் வாசிக்கும். மொய்த்தல் என்றால் நெருங்கிக் கூடுதல், பலாச்சுளையில் ஈ மொய்க்கிறதே அது. பழைய தமிழில் மொய் என்றாலே கூட்டம், நெருக்கம். கூட்டத்தின் பெயர் கூட்டம் தந்த பணத்துக்கு ஆகியிருக்கிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கிறார்கள், மொய்விருந்து. நான் மேலே அடுக்கிய அந்நியச் சொற்களின் வரிசைக்கு ஒரு தமிழ்ச் சொல் துணைக்கு வந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பிறகு குழாய் கூம்பானது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று அளவும் வைத்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் கட்டிலில் கிடக்கிற நோயாளியும் உள்ள வீட்டுக்காரன் எவனும் இதைத் தப்பென்று சொல்ல மாட்டான், நானும் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் அனுமதி கேட்டால், 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி கட்டக் கூடாது, பெட்டி வடிவம் மட்டும்' என்று நிபந்தனை எழுதித் தருகிறார்கள். அந்தத் தாளிலிருந்து கூம்பு பத்திரிகைக்கு வந்து, பத்திரிகையிலிருந்து பேச்சுக்கு வந்தது. கூம்புதல் என்றால் தாமரை இதழ் மூடுவது, மலர்தலுக்கு எதிர்ப்பதம். நாங்கள் அந்த வாயை மலர்ந்த பூவாகத்தான் பார்த்தோம். வாய்க்கால் ஓரத்து நெய்வேலிக் காட்டாமணக்கின் ஊதாப் பூவை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரேடியோப் பூ என்போம். மலர்ந்ததற்குக் கூம்பு என்று பெயர் வைத்து மூடிய சாமர்த்தியம் அரசாங்கத் தமிழுக்கே உரியது.

வேப்பமரத்திலிருந்து குழாய் இறங்கிய அதே காலத்தில் கல்யாணமும் வீட்டை விட்டு மண்டபத்துக்குப் போனது. இப்போது சத்தம் வெளியே போவதில்லை, உள்ளே சுற்றுகிறது. போன மாதம் ஒரு வரவேற்பில், ஆள் உயரப் பெட்டிகள் இரண்டு பக்கமும் நிற்க, மேடைக்குக் கீழே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே ஆடினார்கள், குறை சொல்ல மாட்டேன். எண்பது வயசுச் சித்தப்பா ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். குனிந்து காதை நீட்டினேன். மறுபடி கேட்டார். பேஸ் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடித்ததே ஒழிய அவர் சொன்னது கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார் என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் மாறியது. வெளியே வந்த பிறகு தெரிந்தது, "உன் அம்மா வரலியா?" என்று கேட்டிருக்கிறார்.

ஊருக்குப் போனபோது அந்தப் பழைய செட்டுக்காரரின் மகன் கடைக்குப் போனேன். சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு, பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு. பில் புத்தகத்தில் அச்சடித்த வரிகளில் முதல் வரி 'ரேடியோ செட்'. உள்ளே பெட்டி ஸ்பீக்கர்களும் மிக்ஸரும் அடுக்கியிருந்தன. பாட்டு எல்லாம் போனில்.

"இதுல ரேடியோ எங்கப்பா இருக்கு?"

"வேற என்னன்னு போடச் சொல்லுதீய அண்ணாச்சி? அப்பா காலத்துல இருந்து அதான."

சுவரில் ஆணி அடித்து அந்த இரண்டு குழாயும் தொங்கின. ஒன்றின் தொண்டையில் குளவி மண்கூடு வைத்திருந்தது. ஏன் தட்டிவிடவில்லை என்றேன்.

"இப்ப என்ன அவசரம்? கோயில் கொடைக்குக் கேப்பாவ. அன்னைக்குப் பாத்துக்கிடலாம்."